வெங்கரைப் பற்றி நேர்மையாக வாதிடுவது எப்படி

லண்டன் கால்பந்துக் கழகமான ஆர்சனலின் மேலாளராக இருந்த ஆர்சென் வெங்கர் அதை விட்டு விலகியது 2018 மே மாதத்தில். அவரைப் பற்றிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. இரண்டு ஆர்சனல் ரசிகர்கள் சந்தித்தால், அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் அரை மணி நேரத்தில் அவரிடம் வந்து நிற்பார்கள். ஒருவர் ஒரு பருவம் முழுவதும் தோற்காத அணியைச் சொல்வார். மற்றவர் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் 8–2 என்று தோற்ற நாளைச் சொல்வார். இரண்டும் நடந்தவை என்பதால் யாரும் யாரையும் மறுக்க முடியாமல், கடைசியில் குரல் உயர்த்தியவர் வென்றதாக முடியும். அப்படி முடியத் தேவையில்லை. ஒரு முன்னாள் மேலாளரின் சாதனையையும் சரிவையும் ஒரே பேச்சில் எடுத்துவைத்து, எதையும் மறைக்காமல், எதிரே இருப்பவரும் ஏற்கக்கூடிய விதத்தில் வாதிடுவதற்கு வழிகள் உண்டு. பல ஆண்டுகள் தவறாக வாதிட்ட பிறகு நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

எப்போதிலிருந்து பார்க்கிறார் என்று கேளுங்கள்

எங்கள் நண்பர் வட்டத்தில் மூத்தவர் ஒருவர் 1998 முதல் ஆர்சனலைப் பார்ப்பவர். இளையவர் ஒருவர் 2011-ல் பார்க்கத் தொடங்கியவர். வெங்கரைக் குறை சொன்னால் மூத்தவருக்கு முகம் சிவந்துவிடும். புகழ்ந்தால் இளையவருக்குப் பொறுக்காது. ஒருநாள் இளையவர் அமைதியாகச் சொன்னார்: “அண்ணே, நீங்க பார்த்த வெங்கர் வேற, நான் பார்த்த வெங்கர் வேற.” அதோடு அன்றைய சண்டை நின்றது. அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கியது.

ஆகவே வாதத்தில் இறங்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். ஹென்றியும் பெர்காம்பும் ஆடிய பழைய ஹைபரி மைதானத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு, 2006-க்குப் பின் வந்தது ஒரு நீண்ட சோகம். எமிரேட்ஸ் மைதானத்தில் தொடங்கியவருக்கு, ஒவ்வொரு பிப்ரவரியிலும் கையைவிட்டு நழுவும் பட்டமும், ஒவ்வொரு கோடையிலும் விற்கப்படும் அணித் தலைவனும்தான் வெங்கர் காலம். இந்த இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகளை ஒன்றாகக் கட்டாதீர்கள்

மொத்தம் 1,235 ஆட்டங்கள், 707 வெற்றிகள், மூன்று லீக் பட்டங்கள், ஏழு எஃப்.ஏ. கோப்பைகள் (தோற்றால் வெளியேற வேண்டிய இங்கிலாந்துக் கோப்பை). இந்த மொத்தக் கணக்கு பெரியது. ஆனால் வாதத்துக்கு உதவாது. அவரது காலத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

முதலாவது, 1996 அக்டோபர் முதல் 2006 மே வரை. ஜப்பானில் நகோயா கிராம்பஸ் எய்ட் அணியிலிருந்து வந்த, இங்கிலாந்தில் பலரும் பெயர் கேட்டிராத ஒரு பிரெஞ்சுக்காரர், முதல் முழுப் பருவத்திலேயே லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றார். 2002-ல் அதே இரட்டையை மீண்டும் வென்றார். லீக் பட்டத்தை உறுதி செய்தது ஓல்டு டிராஃபோர்டில் வில்டோர் அடித்த ஒற்றை கோல். 2003–04-ல் 38 ஆட்டங்களில் 26 வெற்றி, 12 சமன், தோல்வி ஒன்றுமில்லை. தோல்வி காணாத அந்த ஓட்டம் 49 ஆட்டங்கள் நீண்டு, 2004 அக்டோபரில்தான் முடிந்தது. கோப்பைகளுக்கு அப்பாலும் உண்டு: வீரர்களின் உணவு, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் செய்யும் உடற்பயிற்சி, லண்டன் கோல்னியில் எழுந்த பயிற்சி வளாகம். ஐந்து லட்சம் பவுண்டுக்கு வாங்கிய அனெல்காவை 1999-ல் ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் விற்ற பணம், ஹென்றியை வாங்குவதற்கும் அந்த வளாகத்துக்கும் பயன்பட்டது.

இங்கே ஒரு பழைய குற்றச்சாட்டு வரும், அதற்குத் தயாராக இருங்கள். “அவருக்குக் கிடைத்த தடுப்பு வரிசை முன்னாள் மேலாளர் ஜார்ஜ் கிரகாம் கட்டியது, அவராகத் தடுப்பைக் கட்டத் தெரியாது” என்பார்கள். முதல் பாதி உண்மை. சீமன், டிக்சன், விண்டர்பர்ன், போல்டு, கியோன் எல்லோரும் கிரகாம் கொண்டுவந்தவர்கள். ஆடம்ஸும் அவர் காலத்தில்தான் தலைவரானார். வெங்கர் அவர்களது ஆட்ட வாழ்வை நீட்டித்தார். டிக்சன் 38 வயது வரை ஆடினார். இரண்டாம் பாதி தவறு. தோல்வியே காணாத அணியின் வரிசையைப் பாருங்கள்: நடுக்கள வீரராக வந்து வலப் பின்கள வீரராக மாற்றப்பட்ட லாரன், ஐவரி கோஸ்டிலிருந்து எந்த இடத்திலும் ஆடுபவராக வந்து மையத் தடுப்பில் நிறுத்தப்பட்ட கோலோ தூரே, டாட்டன்ஹாமிலிருந்து ஒரு பவுண்டும் கொடுக்காமல் எடுத்த சோல் காம்பல், கழகத்திலேயே வளர்ந்த ஆஷ்லி கோல், பின்னால் லேமன். அந்த வரிசை பருவம் முழுவதும் 26 கோல்களே விட்டது. அதில் ஒருவரும் கிரகாமின் ஆள் இல்லை.

மூன்றாவது காலம், 2013 முதல் 2018 வரை. இதைக் கடைசியில் பார்ப்போம். வாதம் பெரும்பாலும் தடம் மாறுவது இரண்டாவது காலத்தில், 2006 முதல் 2013 வரை நடுவில் உள்ள ஏழு ஆண்டுகளில்தான். அதனால் அங்கே நீண்ட நேரம் நில்லுங்கள்.

மைதானக் கடனை முதலில் மேசையில் வையுங்கள்

ஹைபரியில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். 2006-ல் திறந்த எமிரேட்ஸ் மைதானத்தில் சுமார் 60,000 பேர். கட்ட ஆன செலவு ஏறத்தாழ 39 கோடி பவுண்டு. அந்தச் செலவைச் சமாளிக்க மைதானத்தின் பெயரையும் சட்டையில் இடும் விளம்பரத்தையும் நீண்ட காலத்துக்கு முன்கூட்டியே விற்றார்கள். பத்துக் கோடி பவுண்டு மதிப்புள்ள அந்த ஒப்பந்தம் 2004-ல் பெரிய தொகையாகத் தெரிந்தது. சில ஆண்டுகளில் மற்றக் கழகங்களின் வருமானம் ஏறியபோது, ஆர்சனல் பழைய விலையிலேயே கட்டுண்டு கிடந்தது. அதே நேரத்தில் 2003-ல் அப்ரமோவிச் செல்சியை வாங்கினார். 2008-ல் மான்செஸ்டர் சிட்டி அபுதாபி கைக்குப் போனது. அதாவது ஆர்சனல் வயிற்றைக் கட்டிக் கடன் அடைத்த அதே ஆண்டுகளில்தான், எதிரணிகளுக்குக் கணக்கில்லாத பணம் வந்து இறங்கியது.

அந்தச் சூழ்நிலையில் வெங்கர் ஒவ்வொரு ஆண்டும் அணியை முதல் நான்கு இடங்களுக்குள் வைத்திருந்தார். 1998–99 முதல் 2016–17 வரை, இடைவெளி இல்லாமல் 19 பருவங்கள் ஆர்சனல், ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியது. கடனில் இருந்த கழகத்துக்கு அந்த வருமானம் எவ்வளவு முக்கியம் என்பது, அது நின்றுபோன பிறகுதான் பலருக்கும் புரிந்தது. நான்காம் இடமும் ஒரு கோப்பைக்குச் சமம் என்ற பொருளில் அவர் பேசியபோது ரசிகர்கள் கோபப்பட்டார்கள், நானும் கோபப்பட்டேன். இன்று அந்தக் கோபத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 2005 மே மாதத்திலிருந்து 2014 மே வரை ஒரு பெரிய கோப்பையும் இல்லை என்பது உண்மை. அந்த ஒன்பது ஆண்டுகளில் அவர் எதை வைத்துக்கொண்டு எதை எதிர்த்தார் என்பதைச் சொல்லாமல் அந்த எண்ணை மட்டும் சொல்வது நேர்மை ஆகாது.

ஆனால் கடனைச் சொல்லிவிட்டு எல்லாப் பிழைகளையும் அதற்குள் போட்டு மூடிவிடவும் கூடாது. வெங்கரை நேசிப்பவர்கள் செய்யும் தவறு இதுதான். 2007–08 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் ஆர்சனல் ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்தபோது பர்மிங்காமில் எடுவார்டோவின் கால் முறிந்தது, அணி நிலைகுலைந்தது, 83 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தில் முடித்தது. அது துரதிர்ஷ்டம். ஆனால் அதே ஆண்டு ஜனவரி தொடங்கி கோடைக்குள் தியாரா, ஃபிளாமினி, ஜில்பெர்டோ என்று நடுக்களத்தின் தடுப்புப் பணியைச் செய்யக்கூடிய மூவரும் போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு அந்தத் தரத்தில் யாரும் வரவில்லை. அடுத்த பருவம் 72 புள்ளிகள். இதில் கடனின் பங்கும் இருக்கிறது, மேலாளரின் பங்கும் இருக்கிறது. இரண்டையும் சொல்லுங்கள்.

புள்ளிப் பட்டியலைக் கையில் வைத்திருங்கள்

இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 1997–98-ல் ஆர்சனல் 78 புள்ளிகளோடு பட்டம் வென்றது. 2013–14-ல் 79 புள்ளிகள் எடுத்தும் நான்காம் இடம்தான் கிடைத்தது. 2009–10-ல் 75 புள்ளிகளுக்கு மூன்றாம் இடம்; 2016–17-ல் அதே 75 புள்ளிகளுக்கு ஐந்தாம் இடம், சாம்பியன்ஸ் லீக்கும் போனது. இந்த எண்களை எதிரே இருப்பவரிடம் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துங்கள், அவர் யோசிப்பார்.

இது வெங்கரைக் காப்பாற்றும் வாதமா? பாதி மட்டுமே. அவரது அணி திடீரென்று பாதாளத்தில் விழவில்லை, கடைசி ஆண்டு தவிர ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றுகொண்டிருந்தது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. நின்ற இடத்திலேயே நின்றார், மற்றவர்கள் மேலே போனார்கள். ஒரு காலத்தில் உணவு முதல் வீரர் தேர்வு வரை எல்லாவற்றிலும் இங்கிலாந்துக்கு வழிகாட்டியவர் நின்றுவிட்டார் என்பதைத்தான் நான் சரிவு என்கிறேன். அவருக்குத் திறமையில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2017–18-ல் 63 புள்ளிகள், ஆறாம் இடம். 2018 ஜனவரி முதல் வெளியூர் லீக் ஆட்டங்களில் ஒரு புள்ளிகூட எடுக்காமல், கடைசி நாளில் ஹடர்ஸ்ஃபீல்டில்தான் 1–0 என்று வென்றார்கள். இதற்கு எந்தக் கடனும் காரணம் இல்லை.

ஒரு காட்சியை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

2011 பிப்ரவரி 27, வெம்ப்லி, லீக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே பர்மிங்காம். 1–1 என்று சமநிலை, 89-வது நிமிடம். ஒரு நீண்ட பந்து ஆர்சனலின் பெட்டிக்குள் வந்து விழுகிறது. கோசியெல்னி காலை ஓங்குகிறார். பின்னாலிருந்து கோல்கீப்பர் செஸ்னி கையை நீட்டி வருகிறார். பந்து இருவரிடமும் சிக்காமல் நழுவுகிறது. காலியான கோலுக்கு முன் நின்ற ஒபாஃபெமி மார்ட்டின்ஸ் அதை உள்ளே தள்ளுகிறார். பின்னணியில் இரண்டு ஆர்சனல் வீரர்கள், ஒருவர் தரையில், ஒருவர் முழங்காலில். அந்தப் படம் என் மனதிலிருந்து இன்னும் போகவில்லை.

அந்தக் காட்சியைச் சொல்லி “வெங்கரின் அணிகளே இப்படித்தான், நெஞ்சுரம் இல்லாதவை” என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் இரு வீரர்களின் நொடிநேரக் குழப்பத்துக்கு மேலாளர் பொறுப்பல்ல. அவரது பொறுப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அன்று காலை நான்கு போட்டிகளில் உயிரோடு இருந்த அணி, இரண்டு வாரத்துக்குள் பார்சிலோனாவிடமும் மான்செஸ்டர் யுனைடெட்டிடமும் தோற்று இரண்டு கோப்பைகளிலிருந்து வெளியேறியது. லீக்கின் கடைசி 11 ஆட்டங்களில் இரண்டையே வென்றது. அடிபட்ட அணியை அவரால் நிமிர்த்த முடியவில்லை. அந்தக் கோடையில் ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும் போக, ஆகஸ்டு 28 அன்று 8–2 நடந்தது; அதற்குப் பிறகுதான், வீரர்களை வாங்கும் சந்தை மூடும் கடைசி நாட்களில், மெர்ட்டசாக்கரும் ஆர்ட்டெட்டாவும் இன்னும் மூவரும் அவசர அவசரமாக வாங்கப்பட்டார்கள். கோலுக்கு முன் நடந்த அந்தக் குழப்பத்தை விட்டுவிட்டு, அதற்குப் பின் வந்த இந்த ஆறு மாதங்களைப் பற்றி வாதிடுங்கள். அங்கே பேச உண்மையான விஷயம் இருக்கிறது.

புகழ் பக்கத்துக்கும் இதே விதிதான். 2006 மே 17, பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லேமன் 18-வது நிமிடத்தில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். பத்துப் பேரோடு ஆடி, காம்பலின் தலையால் கோல் அடித்து, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பார்சிலோனாவிடம் 2–1 என்று தோற்றார்கள். “அந்த அட்டை இல்லாவிட்டால்” என்று தொடங்கும் வாக்கியம் என் நெஞ்சிலும் இருக்கிறது. அதை நெஞ்சிலேயே வைத்திருக்கிறேன், வாதத்தில் எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, அந்த இறுதி ஆட்டத்துக்கு வரும் வழியில் தொடர்ந்து பத்து ஐரோப்பிய ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை என்பதைச் சொல்லுங்கள். நடந்ததை யாரும் மறுக்க முடியாது.

கடைசி ஐந்து ஆண்டுகளை மழுப்பாதீர்கள்

2013 செப்டம்பரில் ஓசிலை 4 கோடியே 25 லட்சம் பவுண்டுக்கு வாங்கியதும், பணம் இல்லை என்ற காரணம் முடிந்துபோனது. அதற்குப் பின் நடந்தவற்றில் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது. 2014 மார்ச்சில் அவரது ஆயிரமாவது ஆட்டத்தில் செல்சியிடம் 6–0. அதே பருவத்தில் லிவர்பூலில் 5–1, சிட்டியில் 6–3. பெரிய அணிகளின் மைதானத்தில் ஒரே விதமாக முன்னேறி ஆடி ஒரே விதமாக அடி வாங்கியதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. 2015 கோடையில் மூத்த அணிக்கு வாங்கியது கோல்கீப்பர் பீட்டர் செக் ஒருவரை மட்டுமே. சாம்பியன்ஸ் லீக்கில் 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு முறை கடைசிப் பதினாறு அணிகளின் சுற்றில் வெளியேற்றம். ஏழாவது முறை பேயர்ன் மியூனிக்கிடம் இரு ஆட்டங்களிலும் 5–1. சான்செஸின் ஒப்பந்தம் கடைசி மாதங்கள் வரை இழுபட்டு, 2018 ஜனவரியில் அவர் யுனைடெட்டுக்குப் போனார்.

வெங்கரை நேசிப்பவர் இவற்றைத் தானாகவே முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான், அதே காலத்தில் 2014, 2015, 2017 என்று மூன்று எஃப்.ஏ. கோப்பைகளை வென்றார் என்று சொல்லும்போது எதிரே இருப்பவர் காது கொடுப்பார். ஏழு எஃப்.ஏ. கோப்பைகளை வேறு எந்த மேலாளரும் வென்றதில்லை.

அவரது குணத்தையும் இந்த இடத்தில் சொல்லலாம். அதற்கும் சான்று வேண்டும். 1999 பிப்ரவரியில் ஷெஃபீல்டு யுனைடெட்டுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டம் போதும். காயமடைந்த வீரருக்காக வெளியே அடிக்கப்பட்ட பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரத்தில், புதிதாக வந்திருந்த கானு அறியாமல் அதை எடுத்துக்கொண்டு ஓட, ஓவர்மார்ஸ் கோல் அடித்துவிட்டார். விதிப்படி அந்தக் கோல் செல்லும். வெங்கர் அன்றே மறு ஆட்டம் ஆடத் தயார் என்றார். ஆட்டம் மீண்டும் நடந்து, ஆர்சனல் அதே 2–1 கணக்கில் வென்றது.

அவருக்குப் பின் வந்தவர்களை வைத்து வாதிடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அடுத்த மேலாளர் எமெரி முதல் பருவத்தில் ஐந்தாம் இடம். அடுத்த இரண்டு பருவங்கள் எட்டாம் இடம். 2023-ல்தான் சாம்பியன்ஸ் லீக்குக்குத் திரும்பினார்கள். இதைக் காட்டி “வெங்கர் இல்லாமல் பாருங்கள்” என்று ஒருவர் சொல்லலாம். “வெங்கர் விட்டுச்சென்ற அணியைப் பாருங்கள்” என்று மற்றவரும் சொல்லலாம். இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சான்றாக எடுத்தால் பேச்சு நகராது.

எந்த மே மாதம் என்று கேளுங்கள்

வாதத்தை நல்ல இடத்துக்குக் கொண்டுபோக ஒரே கேள்வி போதும்: அவர் எந்த ஆண்டு மே மாதத்தில் விலகியிருக்க வேண்டும்? “முன்னாடியே போயிருக்கணும்” என்று பொதுவாகச் சொல்பவரும், “அவராகத் தீர்மானிக்கட்டும்” என்பவரும் இந்தக் கேள்விக்கு ஓர் ஆண்டைச் சொல்லி, அதற்குக் காரணமும் சொல்லியாக வேண்டும்.

கழகத்தின் நலனை மட்டும் பார்த்தால் என் பதில் 2015. தொடர்ந்து இரண்டாவது எஃப்.ஏ. கோப்பையை ஆஸ்டன் வில்லாவை 4–0 என்று வென்று எடுத்திருந்தார். அடுத்த பருவத்தில் செல்சி பத்தாம் இடத்துக்குச் சரிந்தது, சிட்டி நான்காவது, யுனைடெட் ஐந்தாவது. வாசல் அகலத் திறந்து கிடந்தது. 2016 பிப்ரவரி 14 அன்று 95-வது நிமிடத்தில் வெல்பெக் தலையால் அடித்த கோலில் லெஸ்டரை வென்றபோது இடைவெளி இரண்டே புள்ளிகள். அடுத்த இரண்டு லீக் ஆட்டங்களிலும் தோல்வி, யுனைடெட்டிடமும், சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடமும். லெஸ்டர் 81 புள்ளிகளோடு பட்டம் வென்றது. ஆர்சனல் பத்துப் புள்ளி பின்னால் நின்றது. வெங்கரின் பெயரில் நான் எழுதும் ஒரே மன்னிக்க முடியாத பருவம் அது.

அந்த மனிதருக்காகப் பார்த்தால் 2017. மே 27, வெம்ப்லி, எதிரே லீக் சாம்பியன் செல்சி. கோசியெல்னிக்குத் தடை, கப்ரியேலுக்குக் காயம். அந்தப் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க அணியில் இல்லாத மெர்ட்டசாக்கரை, சில வாரங்களுக்கு முன்தான் பழக்கியிருந்த மூவர் தடுப்பின் நடுவில் நிறுத்தினார். மெர்ட்டசாக்கர் தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டங்களில் ஒன்றை ஆடினார். 79-வது நிமிடத்தில் ராம்சி தலையால் அடித்த கோலில் 2–1. மாற்றிக்கொள்ளவே தெரியாதவர் என்று சொல்லப்பட்ட மேலாளர், எல்லாவற்றையும் மாற்றி, நாட்டின் சிறந்த அணியைத் தோற்கடித்த மாலை அது. அன்று வெம்ப்லியிலேயே அவர் கையசைத்து விடைபெற்றிருந்தால், பின்னால் வந்த காலி இருக்கைகளையும் வெளியூர்த் தோல்விகளையும் நாங்கள் பார்த்திருக்க மாட்டோம். நான்கு நாட்கள் கழித்து, மே 31 அன்று, அவர் மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டதாக அறிவிப்பு வந்தது.